போனவர்களைக் கேட்காத கணக்கு

1974-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் இருந்த குடிமை விமான மருத்துவ ஆய்வு நிறுவனத்திலிருந்து இரண்டு மெல்லிய அறிக்கைகள் வெளிவந்தன. எழுதியவர்கள் ஜான் மேத்யூஸ், வில்லியம் காலின்ஸ், பார்ட் காப் என்ற மூவர். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலையில் சேர்ந்து, முழுத் தகுதி பெறும் முன்பே விலகிவிட்ட ஆண்களும் பெண்களும் ஏன் விலகினார்கள் என்பது ஓர் அறிக்கையின் பொருள். அந்த வேலையில் இன்னும் நீடிப்பவர்களும் விட்டுப் போனவர்களும் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அதில் ஆண் பெண் வேறுபாடு உண்டா என்பது மற்றொன்றின் பொருள்.

இந்த இரண்டையும் நான் முதலில் குறிப்பிடக் காரணம், அவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்பதுதான். வேலைத் திருப்தியைப் பற்றிய ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஏறக்குறைய எல்லாமே அன்றைக்கு வேலையில் இருப்பவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கியவை. போன மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவளின் பதில் அந்தக் கட்டுக்குள் இருக்காது. ஒரு துறையில் பெண்கள் ஏன் நிலைப்பதில்லை என்று தெரிந்துகொள்ள, நிலைத்துவிட்ட பெண்களை மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும்? நிலைத்ததற்கான காரணம் கிடைக்கும். போனதற்கான காரணம் கிடைக்காது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மூவரும் இதைப் புரிந்துகொண்டு போனவர்களையும் சேர்த்துக் கேட்டார்கள். அந்த வழியைப் பிறகு வந்தவர்கள் இன்னும் அகலமாக்கியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தின் கண்ணாடிக் கோபுரத்தில் நின்று ஓடுபாதையைப் பார்ப்பவர்கள் இதில் ஒரு பகுதியினர்தான். பெரும் எண்ணிக்கையினர் சன்னல் இல்லாத, வெளிச்சம் குறைந்த கூடங்களில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். நெடுவழியில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே பக்கவாட்டில் 5 கடல் மைல், விமான நிலையத்தை நெருங்கும்போது 3 கடல் மைல், அல்லது உயரத்தில் 1000 அடி. இந்த இடைவெளி குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையின் சாரம். இதில் தசை வலிமைக்கு இடமில்லை. நினைவாற்றல், முன்கூட்டிக் கணிக்கும் திறன், தெளிவான பேச்சு, குழம்பாத மனம், இவ்வளவுதான் கேட்கிறது. அப்படியிருந்தும் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களில் பெண்கள் இன்றும் ஆறில் ஒருவர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள்.

இந்தக் குறைவுக்கு வரலாற்றில் வேர் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனபோது அமெரிக்க அரசு பெண்களை இந்த வேலைக்கு எடுத்தது. மேரி சான்ஸ் வான்ஸ்காய் என்ற கன்சாஸ் மாநிலத்துப் பெண் 1942-இல் டென்வரில் பணியில் சேர்ந்தார். அந்நாட்டின் முதல் பெண் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவராக அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. போர் முடிந்ததும் ஆண்கள் திரும்பினார்கள், பெண்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். அதன்பின் இந்த வேலைக்கான ஆட்கள் பெரும்பாலும் ராணுவத்தில் ரேடார் பழகியவர்களாக இருந்தார்கள். அமெரிக்க ராணுவத்திலோ பெண்களின் எண்ணிக்கை இரண்டு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் 1967 வரை இருந்தது. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலிலேயே மதகு மூடியிருந்தது என்பதுதான் நிலைமை. பெண்களுக்கு அந்த வேலையில் விருப்பமில்லை என்று யாராவது சொன்னால், முதலில் இந்த மதகைக் காட்ட வேண்டும்.

மதகு திறந்தது ஒரு பெரும் உடைப்பில். 1981 ஆகஸ்ட் 3 அன்று கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான பேட்கோ வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டே நாளில் அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். அந்த வெற்றிடத்தை நிரப்ப ராணுவ அனுபவம் இல்லாத பொதுமக்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமா நகரப் பயிற்சிக் கழகத்துக்கு வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1978-இல், ஜாக் ஸ்மித், சூ மோஸ்டர்ட் என்ற இரு பெண்கள் பெண் கட்டுப்பாட்டாளர்களுக்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். எண்ணிக்கை மிகச் சிறிதாக இருந்தபோதே தனிச் சங்கம் தேவைப்பட்டது என்பதை நான் சாதாரணச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாட்டின் மூலைமூலைக் கோபுரங்களில் தனித்தனியாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடியிருக்கிறார்கள்.

இனி மனப்பான்மைக்கு வருவோம். இந்தத் தொழிலைப் பற்றிப் பொதுமக்களிடம் உள்ள சித்திரம், நரம்பு தெறிக்கும் மன அழுத்தம். அதே ஓக்லஹோமா நிறுவனத்தின் ராஜர் ஸ்மித் 1970-கள் முழுவதும் இதை ஆராய்ந்து, 1980-இல் பத்தாண்டு ஆய்வுகளின் முடிவைத் தொகுத்தார். கட்டுப்பாட்டாளர்களின் பதற்றம் பொதுவாகக் குறைவு, வேலையின் மீதான பிடிப்பு அதிகம் என்பதே அவர் கண்டது. அவர்களுக்குப் பிடித்தது வேலையின் சவால். பிடிக்காதது நிர்வாகம். விமானங்கள் அவர்களை வருத்தவில்லை, மேலதிகாரிகள்தான் வருத்தினார்கள் என்று சுருக்கலாம். போஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரோஸ் குழு 416 கட்டுப்பாட்டாளர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 1978-இல் வெளியிட்ட உடல்நல ஆய்வு இன்னொரு தூண். உயர் ரத்த அழுத்தம் பற்றிய அதன் கண்டுபிடிப்பு இன்றும் பேசப்படுகிறது. அந்த 416 பேரும் ஆண்கள். இந்தத் தொழிலின் மனமும் உடலும் பற்றிய அடிப்படை அறிவில் ஒரு பெரும்பகுதி ஆண்களை மட்டுமே பார்த்து எழுதப்பட்டது.

பெண்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்குமா? பொதுவான வேலைச் சந்தையை வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் காத்திருக்கிறது. ஃபே கிராஸ்பி 1982-இல் எழுதிய நூலில் உழைக்கும் பெண்களின் ஒரு முரணைக் காட்டினார்: குறைந்த ஊதியமும் குறைந்த வாய்ப்பும் இருந்தும், அவர்கள் ஆண்களைவிடக் குறைவாகத் திருப்தி அடைவதாகச் சொல்வதில்லை. ஆண்ட்ரூ கிளார்க் 1997-இல் பிரிட்டன் நாட்டுத் தரவுகளை வைத்து, பெண்கள் சொல்லும் திருப்தி ஆண்களைவிடக் கூடுதல் என்றே காட்டினார். எதிர்பார்ப்பு குறைவாக இருப்பதே அதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம். இளம் பெண்களிடமும், மேற்படிப்புப் படித்தவர்களிடமும், ஆண்கள் மிகுந்த பணியிடங்களில் இருப்பவர்களிடமும் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்றும் அவர் கண்டார். கட்டுப்பாட்டு அறைக்கு இது நேரடியாகப் பொருந்தும். அது ஆண்கள் மிகுந்த இடம். அங்கு வருகிறவள் பல கட்டத் தேர்வுகளைத் தாண்டி, ஆணுக்கு இணையான ஊதியம் வாங்குகிறவள். அவளிடம் எதிர்பார்ப்பு குறைந்திருக்கக் காரணமில்லை. ஆகவே திருப்தி அளவில் பெரிய பால் வேறுபாட்டைத் தேடுவதே வீண் என்று நான் நினைக்கிறேன். வேலையை விரும்புவதில் இருவரும் ஒன்றுதான்.

அப்படியானால் விலகல்? ராட்ஜர் கிரிஃபெத், பீட்டர் ஹாம், ஸ்டெஃபன் கெர்ட்னர் மூவரும் 2000-ஆம் ஆண்டில் பணி விலகல் பற்றிய ஆய்வுகளை ஒன்றாக்கி அலசினார்கள். பெண்கள் அதிகம் வேலையை விடுகிறார்கள் என்ற நம்பிக்கை அதில் நிற்கவில்லை. இருபாலரின் விலகல் வீதமும் ஏறக்குறைய ஒன்றே. இன்னொன்றும் அதில் உண்டு: வேலைத் திருப்திக்கும் விலகலுக்கும் தொடர்பு உண்டென்றாலும் அது வலுவற்றது. திருப்தியில்லாத பலர் இருந்துவிடுகிறார்கள், திருப்தியுள்ள சிலர் போய்விடுகிறார்கள். தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் இருவரும் 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பல விலகல்கள் மெல்ல ஊறும் வெறுப்பால் நடப்பதில்லை. ஓர் அதிர்ச்சியால் நடக்கின்றன. கணவனுக்கு இடமாற்றம், கருவுறுதல், பெற்றோரின் நோய், மேலதிகாரியின் ஒரு சொல். அதுவரை வேலையை நேசித்தவர் அன்றைக்கு எழுந்து போகிறார். மனப்பான்மைக் கேள்வித்தாளில் இந்த அதிர்ச்சிக்கு இடமே இருக்காது.

கட்டுப்பாட்டாளர் வேலையில் விலகல் எங்கே நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முழுத் தகுதி பெற்றவர் சுலபத்தில் போவதில்லை. அவர் கற்ற கலைக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே ஒரு முதலாளிதான், கூட்டாட்சி விமான நிர்வாகம்; வெளியே போனால் விற்க எதுவும் இல்லை. 1972-இல் வந்த சட்டம் 20 ஆண்டுப் பணியோடு 50 வயதில், அல்லது 25 ஆண்டுப் பணியோடு எந்த வயதிலும் ஓய்வுபெறலாம் என்றது. அந்தப் பலனை யாரும் பாதியில் விடமாட்டார்கள். ஆகவே கசிவு முழுவதும் தொடக்கத்தில். 1980-களில் பயிற்சிக் கழகத்தின் தேர்வுக் கட்டத்திலேயே பத்துப் பேரில் நான்கு பேர் அளவுக்குக் கழிந்தார்கள். அதைத் தாண்டியவர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட நிலையத்துக்குப் போய், உண்மையான விமானங்களை வைத்துப் பழக வேண்டும். இது இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட எடுக்கும்.

இந்த இரண்டாம் கட்டத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பயிற்சிக் கழகத்தில் மதிப்பெண் எண்ணாக வரும். நிலையத்திலோ அது குருகுலம். பயிற்சி பெறுபவர் திரைக்கு முன் உட்கார, பயிற்றுநர் பக்கத்தில் தன் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார். எப்போது குறுக்கிட்டுப் பேச்சைத் தன் கையில் எடுப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, அன்றைய பயிற்சிக் குறிப்பில் என்ன எழுதுவது, எல்லாம் அவர் முடிவு. ஒரு தடுமாற்றத்தை ‘பழகப் பழக வரும்’ என்றும் எழுதலாம், ‘இவருக்கு வராது’ என்றும் எழுதலாம். அருகில் இருப்பவர் தன்னிடம் நம்பிக்கை வைத்திருக்கிறாரா என்பதை மாணவி அவர் மூச்சிலேயே உணர்ந்துவிடுவாள். உணர்ந்த கணத்தில் குரல் தளரும். குரல் தளர்ந்தால் அதுவும் குறிப்பில் ஏறும். கோப்பில் இது ‘பயிற்சியில் தோல்வி’ என்ற தலைப்பில் போகும். திறமைக் குறைவா, கற்றுத்தந்த முறையின் குறைவா என்று கோப்பைப் பார்த்துப் பிரிக்க முடியாது. போனவரையும் கேட்டால்தான் பாதியாவது தெரியும்.

ரோசபெத் மாஸ் கான்டர் 1977-இல் எழுதிய நூலில் சொன்னது இங்கே உதவும். ஒரு குழுவில் ஒரு பிரிவினர் 15 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் அவர்கள் தனி மனிதர்களாகப் பார்க்கப்படுவதில்லை, தம் இனத்தின் சின்னங்களாகப் பார்க்கப்படுகிறார்கள் என்றார் அவர். எல்லார் கண்ணும் அவர்கள் மீது. ஓர் ஆண் பிழை செய்தால் அவன் பிழை. ஒரு பெண் பிழை செய்தால் பெண்களின் பிழை. ஆறில் ஒருவர் என்பது கான்டர் போட்ட கோட்டுக்குச் சற்று மேலே. ஆனால் அது நாடு முழுவதற்குமான சராசரி. பெரிய நிலையம் ஒன்றில் பெண்கள் கூடுதலாக இருந்தால், சிறு ஊர்க் கோபுரத்தில் ஒருத்தி மட்டும் இருப்பாள், அல்லது ஒருத்தியும் இருக்கமாட்டாள். விலகலை ஆராய்கிறவர்கள் தேசிய விழுக்காட்டைப் பார்ப்பதைவிட, அவள் பயிற்சி பெற்ற அறையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று பார்ப்பது நல்லது. பாலியல் தொல்லை, நடத்தைப் புகார்களைக் கையாள விமான நிர்வாகம் 1998-இல்தான் தனியாக ஒரு பொறுப்புடைமை வாரியம் அமைத்தது. பெண்கள் பெருமளவில் வரத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் எத்தனை பேர் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்களோ.

திறன் பற்றிய வாதத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். உருவங்களை மனதில் சுழற்றிப் பார்க்கும் சோதனைகளில் ஆண்களின் சராசரி பெண்களைவிட உயர்ந்து வருவது உண்மை. ஆனால் இரு சராசரிகளுக்கும் இடையே உள்ளதைவிட ஒவ்வொரு பாலுக்குள்ளும் உள்ள ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் சராசரி மனிதர்களும் அல்லர். சல்லடையில் சலித்து எடுத்தவர்கள். சலித்த பிறகு சராசரியைப் பேசிப் பயனில்லை.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது நாட்காட்டிப் பிரச்சினை. இந்தத் தொழிலின் விதிகளுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. பெண்ணின் உடலுக்கும் குடும்பத்துக்கும் இன்னொன்று. இரண்டும் மோதும் இடங்களைத் தேதி போட்டுக் காட்டலாம்.

முதலாவது வயது. அமெரிக்காவில் 31 வயது நிறைவதற்குள் சேர்ந்துவிட வேண்டும், 56-இல் கட்டாய ஓய்வு. படிப்பு முடித்துப் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல இங்கே வழியில்லை. பயிற்சியின் கடுமையான ஆண்டுகளும் பிள்ளைப்பேற்றின் ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அதே வயதில் தந்தையாகும் ஆணுக்கும் தூக்கம் கெடலாம், பயிற்சி நிற்காது.

இரண்டாவது ஷிப்ட். அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் நெடுங்காலம் பழகிய முறை இரண்டு மாலை, இரண்டு காலை, கடைசியாக ஒரு நள்ளிரவு. ஒவ்வொரு ஷிப்டும் முந்தையதைவிட முன்னால் நகர்ந்து வரும். திரும்பி வந்து கடிக்கும் என்பதால் இதற்குக் கிலுகிலுப்பைப் பாம்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பலருக்கு இது பிடிக்கும். ஐந்து ஷிப்டையும் நெருக்கி முடித்துவிட்டால் நீண்ட விடுமுறை கிடைக்கும். 2006-இல் லெக்சிங்டன் நகரில் தவறான ஓடுபாதையில் புறப்பட்ட விமானம் விழுந்து 49 பேர் இறந்தபோது, பணியில் தனியாக இருந்த கட்டுப்பாட்டாளர் இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே தூங்கியது சுமார் இரண்டு மணி நேரம் என்று தெரியவந்தது. ஷிப்டுகளுக்கு இடையே 10 மணி நேரம், நள்ளிரவு ஷிப்டுக்கு முன் 12 மணி நேரம் ஓய்வு என்ற முடிவுக்கு வர 2024 ஆகிவிட்டது. காலை ஷிப்ட் முடித்து வந்து, அன்றிரவு நள்ளிரவு ஷிப்டுக்குப் போகும் முன் பகலில் தூங்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தப் பகல் யாருடையது? கேள்வித்தாளில் ‘ஷிப்ட் முறை பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் ஆணும் பெண்ணும் ஒரே பதிலை எழுதலாம். அந்த ஒரே ஷிப்ட் இருவர் வீட்டிலும் ஒரே பொருளில் நுழைவதில்லை.

மூன்றாவது பேறுகாலம். இதில் நம் ஊரும் வருகிறது. உலகக் குடிமை விமான அமைப்பின் உரிம விதிகளின்படி, சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் கட்டுப்பாட்டாளர் 34-ஆம் வாரம் முடியும் வரை பணி செய்யலாம் என்பது பரிந்துரை. விமானிகளுக்கு இது 26-ஆம் வாரம் வரைதான் என்பதால், கட்டுப்பாட்டாளருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதே விதிகளில் இன்னொரு வரி உண்டு. ஒரு பிரிவில் பணி செய்யும் தகுதியைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் இருந்தால் அது காலாவதியாகும். அந்தக் காலத்தை நாடுகள் தாமே முடிவு செய்யலாம், ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பேறுகால விடுப்பு 26 வாரம். 26 வாரம் என்பது 182 நாள். ஆறு மாதம் என்பதும் ஏறக்குறைய அதுவேதான். 34-ஆம் வாரத்தில் ரேடார் முன்னிருந்து எழுந்த ஒரு பெண், சட்டம் தந்த விடுப்பை ஒரு நாள்கூட நீட்டாமல் அனுபவித்துவிட்டுத் திரும்பினாலும், தகுதி விளிம்பில் நிற்கும் அல்லது விழுந்திருக்கும். மருத்துவர் இன்னும் ஒரு மாதம் ஓய்வு சொல்லியிருந்தால் ஐயமே இல்லை. பத்தாண்டு அனுபவம் உள்ளவளும் மீண்டும் ஒருவர் பக்கத்தில் ஹெட்செட் செருகி உட்கார, அவர் மேற்பார்வையில் மணிக்கணக்கு நிரப்பி, மறு தேர்வு எழுதித்தான் தனியாக உட்கார முடியும். பாதுகாப்புக்காக வைத்த விதி அது. கை மறந்திருக்கலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டு விதிகளை இரண்டு மேசைகளில் எழுதியவர்கள் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கலாம். அமெரிக்காவிலும் இதே அசட்டை நடந்தது. கூட்டாட்சி ஊழியர்களுக்கு 12 வாரம் ஊதியத்துடன் பெற்றோர் விடுப்பு 2020 அக்டோபரில் வந்தபோது, விமான நிர்வாக ஊழியர்கள் வேறொரு பணிச் சட்டத்தின் கீழ் இருந்ததால் விடுபட்டுப் போனார்கள். பிறகு தனியாகத் திருத்திச் சேர்க்க வேண்டியிருந்தது.

இடமாற்றமும் இதே வகைதான். இந்தியாவில் பணியில் சேருகிறவர் 27 வயதுக்குள் விமான நிலைய ஆணையத்தின் தேர்வை வென்று, பயிற்சி முடித்ததும் நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பப்படலாம். சென்னை வான் எல்லைக்குள் ரேடார் பார்க்க ஆசைப்படும் மதுரைப் பெண்ணுக்கு வடகிழக்கில் ஓர் ஊர் கிடைக்கும். அதோடு, கோபுரம் ஒன்றுக்குப் பெற்ற தகுதி அடுத்த கோபுரத்தில் செல்லாது. ஒவ்வொரு ஊருக்கும் ஓடுபாதையும் வழிகளும் வேறு, ஆகவே புதிதாகப் பழகித் தேற வேண்டும். கணவரின் வேலைக்காக ஊர் மாறுகிறவள் தன் தகுதியைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறாள். ஆண்களும் மாற்றப்படுகிறார்கள். யாருடைய வேலைக்காக யார் மாறுகிறார்கள் என்பதில்தான் நம் வீடுகள் இன்னும் நடுநிலைக்கு வரவில்லை.

அமெரிக்க விமான நிர்வாகத்துக்காக அமைக்கப்பட்ட பெண்கள் ஆலோசனை வாரியம் 2022 மார்ச்சில் தந்த அறிக்கை, பெண்களை எப்படி ஈர்ப்பது என்பதோடு எப்படித் தக்கவைப்பது என்பதையும் எடுத்துக்கொண்டது வரவேற்கத்தக்கது. ஈர்ப்பதற்குச் சுவரொட்டி போதும். தக்கவைக்க எண்கள் வேண்டும், அவை சேகரிக்க முடியாதவை அல்ல. பேறுகால விடுப்பிலிருந்து திரும்பிய நாளுக்கும் மீண்டும் தனியாகத் திரை முன் உட்கார்ந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? பயிற்சியில் கழிந்தவர்களில், பயிற்றுநரை மாற்றித் தரும்படி கேட்டவர்கள் எத்தனை பேர், மாற்றித் தரப்பட்டவர்கள் எத்தனை பேர்? இடமாற்றம் கேட்டு மறுக்கப்பட்டு ஓராண்டுக்குள் விலகியவர்கள் யார் யார்? எல்லாம் கோப்புகளில் ஏற்கெனவே கிடக்கும் தேதிகள். அந்தத் தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, 1974-இல் செய்தது போல, விட்டுப் போனவர்களின் முகவரிகளுக்கு இன்னொரு முறை எழுதலாம். முகவரி ஒவ்வொன்றும் கடைசிச் சம்பளச் சீட்டில் இருக்கும்.